ஊசிப்புல்லுல இருந்து உறைபனி வரைக்கும்: மலைப்புல் பார்க்க அஞ்சு நாள்

நாள் 1

முதல்லயே சொல்லிடறேன், இந்தத் தொடர்ல ரோஜாப்பூ, ஏரி, போட்டிங், பொம்மை ரயில் எதுவும் வராது. புல்லு பார்க்கப் போறோம். வெறும் புல்லு. நீலகிரிக்குப் போய் அஞ்சு நாள் குனிஞ்சே இருக்கப் போறேன்னு சொன்னதும் வீட்டுல பார்த்த பார்வை இருக்கே, சரி அதை விடுங்க.

கூட்டிட்டுப் போறது அக்கா. கூடப்பிறந்தவங்க இல்ல, காலேஜ்ல சீனியர், தாவரவியல்ல சேர்ந்து இப்ப மலைப்புல் மேலதான் ஆராய்ச்சி. வனத்துறை பர்மிஷன் லெட்டர், நாலு தெர்மாமீட்டர், ஒரு பாக்கெட் ஷேவிங் பிளேடு, நிறைய பழைய நியூஸ்பேப்பர், இதுதான் அவங்க லக்கேஜ். "தெர்மாமீட்டர் தூக்க ஆள் வேணும் தம்பி, வர்றியா"ன்னாங்க, வந்துட்டேன்.

மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ரோடு பிடிச்சோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். நடுவுல சுமார் ரெண்டு மணி நேரம், சும்மா போனா. நாங்க எடுத்துக்கிட்டது ஆறு மணி நேரம், ஏன்னா அக்கா ரோட்டோரம் எங்க வண்டி நிறுத்த இடம் இருக்கோ அங்கெல்லாம் நிறுத்தி இறங்கி உட்கார்ந்துடுவாங்க.

முதல் ஸ்டாப் 500 மீட்டர் பக்கம். வெயில் மண்டையைப் பிளக்குது, காஞ்ச சரிவு முழுக்க ஊசிப்புல். இந்தப் புல்லுக்குள்ள நடந்தவங்களுக்குத் தெரியும், பேண்ட், சாக்ஸ் எல்லாம் குத்திக்கும். விதையோட ஒரு முனை ஊசி, இன்னொரு முனையில நீளமா முறுக்கின வால். அக்கா ஒரு விதையை உள்ளங்கையில வெச்சு வாட்டர் பாட்டில்ல இருந்து ஒரே ஒரு சொட்டு விட்டாங்க, அஞ்சு செகண்ட் ஒண்ணும் இல்ல, அப்புறம் அந்த வால் தானா சுத்த ஆரம்பிச்சுது! உயிர் இருக்கற மாதிரி. ஈரம் பட்டா முறுக்கு பிரியும், காஞ்சா திரும்ப முறுக்கும், இப்படிச் சுத்திச் சுத்தி விதையைத் தரையில திருகாணி மாதிரி இறக்கிடும். வெயிலும் மழையும் மாறி மாறி வர்ற ஊருக்குன்னே செஞ்ச டிசைன்.

1,000 மீட்டர் தாண்டி தைலப்புல். கசக்கி முகர்ந்தா அந்த எலுமிச்சை வாசம், விரல்ல சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. அதுக்கு மேல டீ எஸ்டேட், சில்வர் ஓக், புல்லுன்னா ரோடு வெட்டின மண்மேட்டுல தொங்கறது மட்டும்தான். கோத்தகிரி தாண்டினதும் ஸ்வெட்டர். கணக்கு சிம்பிள், 1,000 மீட்டர் ஏறினா சராசரியா 6.5 டிகிரி குறையும், அப்ப மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் 12 டிகிரி வித்தியாசம்.

"கீழ பார்த்த புல்லு மேல ஏன் இல்ல சொல்லு"ன்னு அக்கா கேட்டாங்க.

"குளிர்க்கா."

"எந்த நேரத்துக் குளிர்? எந்த இடத்துக் குளிர்?"

இது என்ன கேள்வின்னு நினைச்சேன். நாளைக்குக் காலையில நாலரைக்கு எழுந்திரிக்கணுமாம். தூங்கப் போறேன்.

நாள் 2

விரல் இன்னும் சரியா டைப் அடிக்க மாட்டேங்குது, எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க.

நேத்து எழுத விட்டுட்டேன், சாயங்காலமே ஒரு வேலை முடிச்சிருந்தோம். ஊட்டி கூடலூர் ரோட்டுல வென்லாக் டவுன்ஸ் புல்வெளி இருக்கில்ல, சினிமா ஷூட்டிங் எடுக்கற மேடு பள்ளமான பச்சை, அந்தப் பக்கம் ஒரு பள்ளத்துல நாலு தெர்மாமீட்டர் வெச்சுட்டு வந்தோம். ராத்திரியில எவ்வளவு இறங்குச்சோ அந்த மினிமம் நம்பரை ஞாபகம் வெச்சுக்கற டிஜிட்டல் டைப். ஒண்ணு பள்ளத்தோட அடியில புல் நுனி உயரத்துல. ரெண்டாவது அதே இடத்துல ஒரு குச்சி நட்டு என் நெஞ்சு உயரத்துல. மூணாவது பக்கத்துச் சரிவுல ஒரு 40 மீட்டர் மேல ஏறி, அங்கயும் புல் நுனி உயரம். நாலாவது பள்ளத்தோட மடிப்புல இருக்கற சின்ன சோலைக்குள்ள (மலை மடிப்புல அடர்த்தியா வளர்ற குட்டை மரக்காட்டை இங்க சோலைன்னுதான் சொல்வாங்க), மரத்தடியில.

காலையில ஆறு மணிக்குப் போனா பள்ளம் முழுக்க வெள்ளை. உப்பளத்துல நிக்கற மாதிரி. நவம்பர்ல நீர்ப்பனி, டிசம்பர் ஜனவரியில உறைபனின்னு பேப்பர்ல படிச்சிருக்கேன், கிட்டப் போய்ப் பார்த்தது இப்பதான். ஒவ்வொரு இலையோட ஓரத்துலயும் ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் நீளத்துல பனிமுள், வரிசையா, சீப்பு பல்லு மாதிரி. மிதிச்சா அப்பளம் நொறுங்கற சத்தம். ஆனா தலையைத் தூக்கிப் பார்த்தா சரிவுல பாதிக்கு மேல வெள்ளையே இல்ல! ஒரு கோடு போட்ட மாதிரி நின்னுடுச்சு.

இப்ப நம்பர். பள்ளத்துப் புல் நுனி மைனஸ் 4. அதே இடத்துல நெஞ்சு உயரம் பிளஸ் 1. சரிவுல 40 மீட்டர் மேல பிளஸ் 3. அதாவது மேல ஏற ஏறக் குளிரும்னு நேத்து நான் போட்ட கணக்கு இங்க தலைகீழ். நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல மட்டும் 5 டிகிரி. மேட்டுப்பாளையத்துக் கணக்குப்படி பார்த்தா அது கிட்டத்தட்ட 800 மீட்டர் மலை ஏறினதுக்குச் சமம்.

சோலைக்குள்ள எவ்வளவுன்னு கேக்கறீங்களா? அதை நான் எடுத்ததும் எந்தப் பட்டன்னு பார்க்காம அமுக்கிட்டேன், ரீசெட் ஆயிடுச்சு. அக்கா ஒண்ணும் சொல்லல. சொல்லாம இருந்ததுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, மேகம் இல்லாத ராத்திரியில தரை தன் சூட்டை நேரா வானத்துக்கு அனுப்பிடும். 2,200 மீட்டர்ல காத்துல ஈரம் கம்மி, தடுத்துத் திருப்பி அனுப்ப ஒண்ணும் இல்ல. அதுலயும் புல் நுனி மெல்லிசு, அடியில சருகு மெத்தை இருக்கறதால மண்ணோட சூடும் அதுக்கு வராது, அதனால காத்தை விட அதுதான் முதல்ல குளிரும். அதைத் தொட்ட காத்தும் குளிர்ந்து கனமாகி, தண்ணி மாதிரியே சரிவுல வழிஞ்சு பள்ளத்துல தேங்கி நிக்கும். வானிலை ஆய்வுல இதுக்குன்னே தனியா புல் மட்ட மினிமம்னு ஒரு அளவு இருக்காம், எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. ஊட்டியில 2 டிகிரின்னு செய்தியில வரும், அதே நாள் புல் மேல ஐஸ் போட்டோவும் வரும், பூஜ்யத்துக்குக் கீழ போகாம ஐஸ் எப்படின்னு நினைச்சிருக்கேன். அந்த 2 டிகிரி ஆள் உயரத்துல பெட்டிக்குள்ள இருக்கற தெர்மாமீட்டரோடது. புல்லு வாழறது அந்தப் பெட்டிக்குள்ள இல்ல.

அப்ப மைனஸ் 4ல புல்லு எப்படிச் சாகாம இருக்கு? அக்கா ஒரு பெரிய குத்தை ரெண்டு கையால பிரிச்சுக் காட்டினாங்க. வெளியில போன மழைக்கு முளைச்ச இலைங்க காக்கி கலர்ல காஞ்சு, அதுக்குள்ள அதுக்கும் முந்தின வருஷத்துச் சருகு, அதுக்கும் உள்ள தூர்ல, மண்ணோட மண்ணா, விரல் நகம் அளவுக்குப் பச்சைக் குருத்து. ஒரு தெர்மாமீட்டரோட வயரை உள்ள சொருகினாங்க. பிளஸ் 2! வெளி நுனிக்கும் இதுக்கும் ஒரு சாண் தூரம்தான். நெல்லு நட்டவங்களுக்குத் தெரியும், புல் ஜாதிக்குக் குருத்து உச்சியில இல்ல, அடியில. மேல இருக்கறது கருகினாலும் மாடு மேய்ஞ்சாலும் தீ புடிச்சாலும் அடியில இருந்து திரும்ப வரும். மரக்கன்னுக்கு அப்படி இல்ல, அது தன் மொட்டை உச்சியில தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கும்.

அதையும் பார்த்தோம். சோலை ஓரத்துல இருந்து ரெண்டு எட்டு வெளியில புல்லுக்குள்ள ஒரு மரக்கன்னு, முழங்கால் உயரம் கூட இல்ல, நுனி இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்குது. அதே ஜாதிக் கன்னு சோலைக்குள்ள பளபளன்னு இருக்கு. புல்வெளியில தைரியமா தனியா நிக்கற மரம்னா காட்டுப்பூவரசு ஒண்ணுதான், இப்ப சிவப்பா பூத்திருக்கு, அது உறைபனியும் தாங்கும், தீயும் தாங்கும்.

நீலகிரியில ஏன் சோலை மடிப்புலயும் புல் வெளியிலயுமா இப்படிக் கத்தரிச்சு வெச்ச மாதிரி இருக்குன்னு ரொம்ப காலமா சண்டை. ரங்கநாதன்னு ஒரு வன அதிகாரி 1938லயே உறைபனிதான் காரணம், புல்வெளிதான் இங்க இயற்கைன்னு எழுதியிருக்கார். அதே காலத்துல எதிர் பார்ட்டி, இல்லவே இல்ல, மனுஷன் வெச்ச தீயும் மாடும்தான் காட்டை அழிச்சுப் புல்லாக்குச்சுன்னாங்க. இது வெறும் படிப்பாளிங்க சண்டை இல்ல, ரெண்டாவது கட்சி பேச்சை நம்பித்தான் "சும்மா கெடக்கற நிலம்"னு புல்வெளி மேல மரம் நட்டாங்க. அது நாளைக்கு மறுநாள் வரும்.

ரூமுக்கு வந்து சாக்ஸைக் கழட்டினா உள்ள நேத்து 500 மீட்டர்ல குத்தின ஊசிப்புல் விதைங்க! ஜன்னல் வழியா தட்டப் போனேன், அக்கா போட்ட சத்தத்துல பக்கத்து ரூம்காரர் எட்டிப் பார்த்தார். ஒண்ணு விடாம பொறுக்கி ஒரு சின்ன டப்பாவுல போடச் சொன்னாங்க. பதினொண்ணு. "எடுத்த இடத்துல போட்டுக்கலாம், இங்க வேண்டாம்"னாங்க.

"இங்க விழுந்தா என்னக்கா, இந்தக் குளிர்ல பொழைக்குமா?"

"விதை மேல வர்றது பெரிய விஷயமே இல்ல தம்பி. லாரியில வரும், மாட்டுக் குளம்புல வரும், உன் சாக்ஸ்ல வரும். வந்தது ஜனவரியைத் தாண்டணும், அதான் விஷயம்."

நாள் 3

இன்னிக்கு ஃப்ளாப். நேத்து சாயங்காலம் ஆசையா நாலையும் திரும்ப வெச்சோம், ராத்திரி மேகம் மூடிடுச்சு. காலையில போனா பனியே இல்ல, நாலு தெர்மாமீட்டரும் 8, 9ன்னு ஒரே மாதிரி காட்டுது. மேகம் போர்வை மாதிரி மூடினா பள்ளமும் சரிவும் ஒண்ணுதான். ஒரு வகையில இதுவும் தெரிஞ்சுக்க வேண்டியதுதான்னு அக்கா சமாதானம் சொன்னாங்க, எனக்கு நாலரை மணிக்கு எழுந்ததுதான் வலிச்சுது.

மத்தியானம் முழுக்க ரூம்ல. அக்கா பிளேடை எடுத்தாங்க. தாவரவியல் படிச்சவங்களுக்கு இந்த வித்தை மறந்திருக்காது: கேரட் துண்டைக் கீறி அதுக்குள்ள இலையைச் சொருகி, கேரட்டோட சேர்த்து மெல்லிசா சீவித் தள்ளிக்கிட்டே இருக்கணும், நாப்பது சீவல்ல ஒண்ணு கண்ணாடி மாதிரி வரும். அதைப் பேப்பர்ல மடிச்சுச் செய்யற ஃபோல்ட்ஸ்கோப்ங்கற மைக்ரோஸ்கோப்புல வெச்சு போன் கேமரா வழியா பார்த்தோம்.

முதல் இலை பள்ளத்துல ஈரமான இடத்துல எடுத்தது. நரம்பு ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல நல்ல இடைவெளி, பச்சை செல்லுங்க சும்மா இறைச்சுவிட்ட மாதிரி. ரெண்டாவது சரிவுல எடுத்த தெமெடாங்கற புல்லு. நரம்புங்க நெருக்க நெருக்கமா, ஒவ்வொரு நரம்பையும் சுத்தி பெரிய பெரிய செல்லுங்க மாலை கட்டின மாதிரி, அந்த மாலைக்குள்ளதான் பச்சை அதிகம். பார்த்தவுடனே தெரியுது ரெண்டும் வேற வேற இன்ஜின்னு.

ஒளிச்சேர்க்கை பண்ற விதத்தை வெச்சுப் புல்லுங்க ரெண்டு கட்சி. முதல்ல பார்த்தது சி3. நெல்லு, கோதுமை, பார்லி, மூங்கில் எல்லாம் இந்த கட்சி. ரெண்டாவது சி4. கம்பு, கேழ்வரகு, தினை, சோளம், கரும்பு, அருகம்புல், வெட்டிவேர், நம்ம ஊசிப்புல், தைலப்புல் எல்லாம் அந்த கட்சி. கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கற என்சைம் ரூபிஸ்கோ இருக்கே, அது கொஞ்சம் மக்கு, வெயில் ஏற ஏற கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலா ஆக்சிஜனைப் பிடிச்சு வேலையைக் கெடுக்கும். சி4 புல்லுங்க என்ன பண்ணுதுன்னா, அந்த மாலை செல்லுக்குள்ள கார்பன் டை ஆக்சைடை பம்ப் பண்ணி நெருக்கி வெச்சுடுது, ரூபிஸ்கோவுக்கு வேற சாய்ஸே இல்லாம. இதை ஹேட்ச், ஸ்லாக்னு ரெண்டு பேர் 1966ல ஆஸ்திரேலியாவுல கரும்புல வெச்சு விளக்கினாங்க. பம்ப் ஓட்டக் கூடுதல் சக்தி செலவாகும், ஆனா வெயில் ஊர்ல அது லாபம். குளிர் ஊர்ல ரூபிஸ்கோ தப்பு பண்றதே கம்மி, அப்ப பம்ப் எதுக்கு? கிணத்துல தண்ணி கைக்கு எட்டற தூரத்துல நிக்கும்போது மோட்டார் போட்டு கரண்ட் பில் கட்டற கதை.

அதனாலதான் வெப்ப மண்டலத்துல எந்த மலை ஏறினாலும் கீழ சி4, மேல போகப் போக சி3. 1970கள் கடைசியில கென்யாவுல பார்த்திருக்காங்க, 2,000 மீட்டருக்குக் கீழ கிட்டத்தட்ட எல்லாமே சி4, 3,000க்கு மேல கிட்டத்தட்ட எல்லாமே சி3, நடுவுல இருக்கற 1,000 மீட்டர்ல கை மாறுது. நம்ம நீலகிரியோட உச்சியே 2,637 மீட்டர்தான். அதாவது முழு பீடபூமியும் அந்தக் கை மாறற இடத்துலயே மாட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டு கட்சியும் கலந்து இருக்கும், எந்தக் கட்சி எங்க ஜெயிக்கும்னு உயரம் முடிவு பண்ணாது, ஈரமா வறட்சியா, பள்ளமா சரிவா, வெயில் விழற பக்கமா நிழலான்னு சின்னச் சின்ன விஷயம் முடிவு பண்ணும். நாங்க எடுத்த ரெண்டு இலைக்கும் நடுவுல மிஞ்சிப்போனா 60 மீட்டர் தூரம் இருக்குமா?

முதல் நாள் கேள்வி இப்பதான் கொஞ்சம் புரியுது. எந்த நேரத்துக் குளிர், எந்த இடத்துக் குளிர். இன்னிக்கு வானம் தெளிஞ்சிருக்கு. மறுபடி நாலரை.

நாள் 4

முதல்ல சோலை நம்பர். பட்டன்ல கையே வைக்கல, அக்காகிட்ட நீட்டிட்டேன். பிளஸ் 7! அதே ராத்திரி பள்ளத்துப் புல் நுனி மைனஸ் 3. ரெண்டுக்கும் நடுவுல நடந்து போனா ஒரு நிமிஷம், வித்தியாசம் 10 டிகிரி. மரக்கூரை சூட்டை வெளிய விடாம பிடிச்சு வெச்சுக்குது. சோலைக்குள்ள வாழற கன்னுக்கு உறைபனின்னா என்னன்னே தெரியாது, வெளிய ரெண்டு எட்டு வெச்சாத்தான் தெரியும்.

அப்புறம் அவலாஞ்சி பக்கம். ஊட்டிக்கும் இதுக்கும் தூரம் பெருசா இல்ல, ஆனா மழை வேற உலகம். ஊட்டியில வருஷத்துக்கு 1,200 மி.மீ. அளவு, அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 800 மி.மீக்கு மேல கொட்டுச்சு, ஞாபகம் இருக்கா? தென்மேற்குக் காத்து முகூர்த்தி முகட்டுல மோதி மொத்தத் தண்ணியையும் அங்கயே இறக்கிட்டு, மிச்சத்தோடதான் ஊட்டிக்கு வரும். காத்து நேரா அடிக்கற மேற்குச் சரிவுல புல்லு குட்டையா, தலையில தட்டி உட்கார வெச்ச மாதிரி இறுகின குத்தா இருக்கு. பின்பக்கம் திரும்பினா அதே புல்லு இடுப்பு வரைக்கும். கிரைசோபோகன்னு ஒரு புல்லு, வெட்டிவேருக்குச் சொந்தக்காரன், இலங்கையில ஹோர்டன் சமவெளியிலயும் இதுதான் பரவிக் கெடக்கு. கடல் தாண்டிப் போனாலும் அதே உயரம், அதே மாதிரிக் குளிர், அதே புல்லு. ஆனா மேட்டுப்பாளையத்துல தேடினா கிடைக்காது.

ஓடையோரச் சதுப்புல இன்னொரு புல்லு காட்டினாங்க, எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி. தென்னிந்தியப் புல்லுங்களைப் பத்தி நூறு வருஷத்துக்கு முன்னாடியே உட்கார்ந்து எழுதின ரங்காச்சாரி பேருல வெச்சது. நீலகிரி மேட்டுச் சதுப்பு தவிர உலகத்துல வேற எங்கயும் இல்ல. தோடர்கள் அவங்க பீப்பாய் வளைவு வீட்டுக்குக் கூரை வேயற புல்லு இதுதான். இதுக்குக் குளிர் மட்டும் போதாது, காலு எப்பவும் தண்ணியில இருக்கணும், சதுப்பு வத்துனா இதுவும் போச்சு.

சதுப்புன்னதும் இன்னொண்ணு. இங்க செத்த புல்லு முழுசா மக்காது, குளிரும் தண்ணியும் சேர்ந்து அப்படியே அமுக்கி வெச்சுடும், கறுப்பு கறுப்பா அடுக்கடுக்கா. ஊட்டிக்குப் பக்கத்துல சாண்டிநல்லா மாதிரி இடங்கள்ல இந்தக் கரிமண்ணைத் துளைச்சு எடுத்து ஐ.ஐ.எஸ்சி.யில இருந்த ராமன் சுகுமாரும் கூட இருந்தவங்களும் 1993ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. சூட்சுமம் என்னன்னா சி3, சி4 ரெண்டும் கார்பன் 13ங்கற கனமான கார்பனை வேற வேற அளவுல எடுத்துக்கும், ஒரு பொது அளவோட ஒப்பிட்டு ஆயிரத்துக்கு எவ்வளவு வித்தியாசம்னு அளந்தா சி3 மைனஸ் 27 பக்கம், சி4 மைனஸ் 13 பக்கம். பேங்க் பாஸ்புக் மாதிரி, எந்த வருஷம் எவன் அக்கவுண்ட்ல வரவு அதிகம்னு மண்ணுல எண்ட்ரி இருக்கு. சுமார் 18,000 வருஷத்துக்கு முன்னாடி, உலகமே பனியுகத்துல இருந்தப்ப, இங்க சி3 ஜெயிச்சிருக்கும்னுதானே நினைப்போம்? குளிராச்சே. ஆனா சி4தான் ஓங்கியிருக்கு! காரணம் அப்ப பருவமழை பலவீனம், ஒரே வறட்சி, காத்துல கார்பன் டை ஆக்சைடும் இப்ப இருக்கறதுல பாதி கூட இல்ல. பம்ப் வெச்சிருந்தவன் பொழைச்சான். அப்புறம் 11,000 வருஷம் வாக்குல மழை வலுத்ததும் சி3 பக்கம் சாஞ்சுது. நேத்து மோட்டார் உதாரணம் சொல்லிட்டு எல்லாம் புரிஞ்ச மாதிரி எழுதினேன், இன்னிக்கு அது பாதிதான்னு தெரிஞ்சுது. குளிர் மட்டும் இல்ல, தண்ணி, காத்து எல்லாம் சேர்ந்து போடற கணக்கு.

திரும்பி வர்ற வழியில வாட்டில் காடு. இங்க சீகை மரம்னும் சொல்றாங்க. ஆஸ்திரேலியாக்காரன், வெள்ளைக்காரன் காலத்துல வந்து, சுதந்திரத்துக்கு அப்புறம் தோல் பதனிடற பட்டைக்கும் விறகுக்கும்னு புல்வெளி மேலயே ஏக்கர் ஏக்கரா நட்டது. உள்ள போய்ப் பார்த்தேன், தரையில ஒரு புல்லு இல்ல, சருகும் வாட்டில் கன்னும்தான். சோலை மரக்கன்னு உறைபனியில கருகுதுன்னு முந்தாநாள் பார்த்தோமில்ல, வாட்டில் அதை விட நல்லாவே தாங்குது. பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் ஆய்வு மையம்) ஆய்வாளர்கள் நீலகிரியிலயே கன்னு நட்டுப் பார்த்து 2020ல எழுதியிருக்காங்க, இந்த உறைபனிதான் சோலையையும் புல்லையும் தனித்தனியா நிறுத்தி வெச்சிருக்கு, ராத்திரி சூடு கொஞ்சம் ஏறினா அந்த வேலி போயிடும், முதல்ல உள்ள வர்றது வெளியூர் மரம்தான்னு. பழனி மலையில 1973க்கும் 2014க்கும் நடுவுல புல்வெளி மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சு. அங்க வானிலை ஒண்ணும் பண்ணல, நட்டதுதான், அப்புறம் அதுவா பரவினதுதான். எனக்கு இது கொஞ்சம் எரிச்சலா இருக்கு, உறைபனி ஆயிரக்கணக்கான வருஷமா பார்த்து பார்த்துக் கன்னைத் தடுத்து வெச்ச இடத்துல ஒரு தலைமுறை மண்வெட்டி எடுத்துட்டுப் போய் "காலி இடம்"னு குழி வெட்டியிருக்கு.

நாள் 5

காலையில தொட்டபெட்டா. கூட்டம். எல்லாரும் வியூ பாயிண்ட்ல செல்ஃபி எடுக்க, நாங்க ரெண்டு பேரும் வேலியோரம் குனிஞ்சு நின்னதைப் பார்த்து ஒரு பெரியவர் "என்ன தொலைச்சீங்க"ன்னு கேட்டார். புல்லுன்னு சொன்னதும் நகர்ந்துட்டார்.

போவா, அக்ராஸ்டிஸ்னு சி3 புல்லுங்க கொஞ்சம் இருந்துச்சு, ஐரோப்பாவுலயும் இமயமலையிலயும் இருக்கற புல்லுங்களுக்கு ஒண்ணுவிட்ட தம்பி தங்கச்சிங்க. இங்கிருந்து இமயமலை வரைக்கும் நடுவுல வெயில் கடல், நீந்திப் போக முடியாது. கீழ சூடு ஏற ஏற ஒவ்வொரு புல்லும் கொஞ்சம் கொஞ்சமா மேல நகரும்னு சொல்றாங்க, 1,500ல இருக்கறது 1,800க்கு வரலாம், 2,300ல இருக்கறது 2,600க்கு. இதுங்க எங்க போகும்? உச்சியில செல்போன் டவர்தான் இருக்கு. நான் இதை அக்காகிட்ட கொஞ்சம் உருகிச் சொன்னேன், அவங்க அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கல. உச்சிக்குத்தான் போகணும்னு இல்ல, குளிர்ந்த பள்ளம் இருக்கற வரைக்கும் கீழ இறங்கியும் ஒளிஞ்சுக்கலாம், நேத்து உன் தெர்மாமீட்டரே சொல்லுச்சேன்னாங்க. ஆனா பள்ளம்லாம் இப்ப கேரட் தோட்டம்னு அவங்களே அடுத்த வரியும் சொன்னாங்க.

இறங்கும்போது ஊட்டியில ஒரு லான் ஓரம் நிறுத்தினோம். கிக்குயு புல், கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்துல இருந்து வந்தது, அங்கயும் 2,000 மீட்டர் சொச்சம், அதான் இங்க வந்ததும் சொந்த ஊர் மாதிரி படுத்துக்கிச்சு. சி4தான், ஆனாலும் குளிர் தாங்கும். உறைபனிக்கு மேல் இலை பூரா வைக்கோல் கலர், கீழ தண்டு பச்சை. மழைக்குத் திரும்பிடும். இன்னொரு பக்கம் ஐரோப்பாவுல இருந்து வந்த ஆந்தோசாந்தம், சி3, காயவெச்சா புது வைக்கோல் வாசம் அடிக்கும், அதுவும் நல்லா பரவிடுச்சு. வெளியூர்ல இருந்து வந்து நிலைச்சதுங்களைப் பார்த்தா ஒவ்வொண்ணுக்கும் இதே மாதிரி ராத்திரி இருக்கற ஊர் ஒண்ணு பின்னாடி இருக்கு.

கோத்தகிரி தாண்டி கண்ணாடியை இறக்கினோம், ஸ்வெட்டர் பின் சீட்டுக்குப் போச்சு. 1,000 மீட்டர்ல தைலப்புல் வாசம் வண்டிக்குள்ளயே வந்துச்சு. 500ல, முதல் நாள் நிறுத்தின அதே வளைவுல நிறுத்தினாங்க. "டப்பாவை எடு."

ஊசிப்புல் விதைங்களைக் கையில கொட்டி ஒவ்வொண்ணா எண்ணிப் போட்டேன். பத்து. திரும்பக் கீழ பார்த்து எண்ணினேன், பத்துதான். டப்பாவைக் கவுத்துத் தட்டினேன், மூடிக்குள்ள பார்த்தேன், பேக்ல அந்த ஜிப்பைத் திறந்து உதறினேன். சாக்ஸ், ஷூ, பேண்ட் மடிப்பு எல்லாம் பார்த்தாச்சு. அக்கா ரோட்டோரக் கட்டையில உட்கார்ந்து சிரிக்கறாங்க. டப்பாவுல போட்டப்ப பதினொண்ணு, நல்லா ஞாபகம் இருக்கு, போட்டோ கூட எடுத்திருக்கேன்.

நேத்து சதுப்புல தெர்மாமீட்டர் வயரைத் தேடறப்ப அந்த டப்பாவை ஒருதரம் திறந்தேனா இல்லையாங்கறதுதான் ஞாபகம் வர மாட்டேங்குது.